எல்லோரும் வெள்ளை உடுத்திய மாலை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதம். என் கணவர் காலமாகி ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இல்ஃபோர்டில் இருக்கும் என் வீட்டைப் பூட்டிவிட்டு, கட்விக் விமான நிலையத்துக்குப் போய், எகிப்தில் இருக்கும் ஷார்ம் எல் ஷேக் நகரத்துக்கு விமானம் ஏறினேன். உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பனி மீட்டிங்.

நான் வேலை செய்வது கடைகளுக்குக் குளிர்பெட்டி விற்கும் ஒரு கம்பனியில். குளிர்பெட்டி விற்கிறவர்கள் ஏன் பாலைவனத்துக்குப் போய்க் கூட்டம் வைக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நானே மனேஜரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஹோட்டலும் மண்டபமும் ஒரே இடத்தில் இருக்கும், லண்டனில் வைப்பதைவிட மலிவு, ஒக்டோபரிலும் நல்ல வெயில் என்று அடுக்கிக்கொண்டே போனார். வெயில்தான் உண்மையான காரணம் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்குப் போகாமல் இருக்கவும் வழியில்லை. லண்டன் வாடிக்கையாளர் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடுவதாகப் பேச்சு. கடைசி மாலை விருந்தில் டைரக்டர் அதை அறிவிப்பார் என்று மனேஜர் சொல்லியிருந்தார். நாங்கள் வீடு வாங்கியது இரண்டு பேரின் சம்பளத்தை நம்பி. பிள்ளைகள் இல்லை. அந்தப் பதவி கிடைத்தால் என் கணவர் இருந்த வீட்டிலேயே நான் தொடர்ந்து இருக்கலாம். கிடைக்காவிட்டால் விற்றுவிட்டு எங்கேயாவது ஒரு அறைக்குப் போக வேண்டியதுதான்.

விஷயம் தெரிந்ததும் மச்சாள் போன் எடுத்தா. என் கணவரின் அக்கா; அவவும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவா. செத்தவீடு முடிந்தபிறகும் முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் எங்கள் வீட்டு சோபாவிலே படுத்து, எனக்குச் சமைத்துத் தந்த மனுசி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மச்சாள், இன்னும் வருசம் திரும்பேல்லை. வெஸ்ட் ஈலிங் அம்மன் தேருக்குச் செத்தவீட்டுத் தொடக்கு எண்டு வராத ஆள், ரிசோட்டுக்குப் போறா எண்டு சனம் கதைக்காதே?"

"ரிசோட் இல்லை மச்சாள், மீட்டிங்."

"மீட்டிங்கை குரொய்டனிலை வைக்க ஏலாதாமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அதைத்தானே கேட்டேன்.

ஆனால் என்னை அரித்துக்கொண்டிருந்தது அது இல்லை. கம்பனியிலிருந்து வந்த அறிவித்தலின் கடைசியில் ஒரு வரி இருந்தது: கடைசி மாலை விருந்துக்கு எல்லோரும் வெள்ளை உடை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். செத்தவீட்டன்று முறைப்படி எனக்கு ஒரு வெள்ளைச் சேலை கொண்டுவந்து தந்தார்கள். நான் உடுத்தவில்லை. வருடம் திரும்பும் வரைக்குமாவது உடுத்தச் சொல்லி மச்சாள் கெஞ்சினா, பிறகு கோபித்தா. நான் மாட்டேன் என்று நின்றதற்குக் காரணம் புரட்சி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கணவர் ஒருநாள் சொன்னார்: "இஞ்சை நேர்ஸ்மாரே இப்ப வெள்ளை போடுறேல்லை. உமக்கென்னத்துக்கு? நீர் உம்மடை பச்சையும் நீலமுமாத் திரியும்."

சாகப்போகிற மனிதன் பகிடி விட்டால் சிரிப்பதா அழுவதா? நான் இரண்டையும் செய்தேன். அன்றே அவருக்கு வாக்கும் கொடுத்தேன்.

அதற்காகச் சொந்தபந்தம் எல்லோரையும் பகைத்துக்கொண்டு நிற்கிறவளிடம், இப்போது ஒரு குளிர்பெட்டிக் கம்பனி வந்து வெள்ளை உடுத்தச் சொல்கிறது! இல்ஃபோர்ட் கடையொன்றில் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து, கண்ணாடியின் முன்னால் வைத்துப் பார்த்தேன். திரும்பக் கொழுவிவிட்டு வந்துவிட்டேன். பெட்டிக்குள் என் பச்சைப் பட்டுச் சேலையை வைத்தேன்.

அந்த நகரத்தைப் பற்றி என்ன சொல்ல? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒரு புல்கூட முளைக்காத மொட்டை மலை. நடுவிலே வரிசையாக ஹோட்டல்கள். ஹோட்டலுக்குள் மட்டும் பச்சைப் பசேலென்று புல். குழாய் போட்டு நாள் முழுக்கத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் மண்டபத்துக்கு யன்னலே இல்லை. ஏசிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, திரையில் ஓடும் விற்பனைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பாலைவனம் இருப்பதே தேத்தண்ணி இடைவேளையில் கதவைத் திறக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

வேலை நேரம் பரவாயில்லை. அது முடிந்தபிறகுதான் எனக்குக் கஷ்டம். எல்லோரும் நீச்சல் தடாகத்தைச் சுற்றிக் கிளாசோடு நிற்பார்கள். நான் குடிப்பதில்லை. ஒரு தோடம்பழச் சாற்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சிரித்த முகத்தோடு நிற்பது? யாராவது வந்து, வார இறுதியில் என்ன செய்வீர்கள், வீட்டில் யார் யார் என்று அன்பாகத்தான் கேட்பார்கள். நான் கழிவறைக்குப் போவதாகச் சொல்லி நழுவிவிடுவேன். அறைக்குப் போனால் இரண்டு பேர் படுக்கிற கட்டில், இரண்டு துவாய், இரண்டு கோப்பை. ஒவ்வொரு நாளும் அறையைத் துப்புரவாக்குகிறவர்கள் இரண்டு தலையணையையும் தட்டி நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். அவர் இறந்தபிறகு நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. இல்ஃபோர்ட் வீட்டிலாவது அவருடைய சப்பாத்து வாசலில் இருக்கிறது.

கடைசி நாள் வந்தது. பொழுதுபடும் நேரத்தில் ஹோட்டலுக்கு வெளியே மணலில் எல்லோரையும் நிறுத்தி ட்ரோன் கமராவால் மேலிருந்து படம் எடுப்பதாக ஏற்பாடு. கம்பனிக்கு இருபத்தைந்து வயதாம். வெள்ளை உடுத்திய மனிதர்கள் மணலில் இரண்டும் ஐந்துமாக நிற்க வேண்டும். விருந்தும் அறிவிப்பும் அதற்குப் பிறகு.

பச்சைச் சேலையோடு நான் படியிறங்கியபோது, நூற்றுக்கணக்கான வெள்ளைச் சட்டைகள் திரும்பிப் பார்த்தன. ஏற்பாட்டுக்காரப் பெண் காதில் மாட்டிய மைக்கோடு ஓடி வந்தாள். உடை கொண்டுவர மறந்தவர்களுக்கென்று ஒரு பெட்டி நிறைய வெள்ளை ரீசேர்ட் வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள், சேலைக்கு மேலே போட்டால் போதுமாம்.

வேண்டாம், நன்றி என்றேன்.

மனேஜர் வந்தார். நல்ல மனிதர். ஒரு ரீசேர்ட்தானே, ஐந்து நிமிடம்தானே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, டைரக்டர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், எல்லோரோடும் சேர்ந்து நடக்கிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும், இன்றைக்கா இந்தப் பிடிவாதம் என்றார்.

அவருக்கு என்னத்தைச் சொல்வது? எங்கள் ஆட்களிடம் வெள்ளை என்றால் என்ன, செத்தவீட்டில் தந்த சேலை, ஆஸ்பத்திரிப் பகிடி, இதையெல்லாம் மணலில் நின்றுகொண்டு, பொழுது மறைவதற்குள், ஆங்கிலத்தில்? வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அந்த ரீசேர்ட்டை வாங்கிப் போட்டிருந்தால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை, அதுவும் எனக்குத் தெரிந்தது. வீடு கண்ணுக்குள் வந்து போனது. கை அரைவாசி தூரம் நீண்டும்விட்டது. பிறகு என்ன நினைத்தேனோ, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"மன்னிக்க வேண்டும். நான் படத்தில் நிற்கவில்லை" என்றேன்.

மனேஜர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். அங்கே வெள்ளைச் சனம் சிரித்துச் சிரித்து எண்களாக வளைந்துகொண்டிருந்தது. கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்கும்போது என்னைப் போன்றவர்கள் பின்வரிசைக்குப் போய்விட வேண்டும். அந்த ஒதுக்கத்துக்குப் பழகிக்கொண்டிருந்தேன். ஆனால் வெள்ளை உடுத்தாததற்காக ஒதுங்கி நிற்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஊரோடும் ஒட்டாமல் உலகத்தோடும் ஒட்டாமல், அந்த மணலில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று தோன்றியது.

அப்போது வரிசையிலிருந்து ஒரு பெண் விலகி வந்தார். மான்செஸ்டர் கிளையில் கணக்குப் பகுதி. அறுபதை நெருங்கிய, உயரமான, கடுகடுத்த முகமுள்ள வெள்ளைக்காரப் பெண். அவரிடம் செலவுக் கணக்கு அனுப்பும்போது லண்டனில் நாங்கள் எல்லோரும் நடுங்குவோம். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார். திரும்பி ஹோட்டலை நோக்கி நடந்தார்.

சரி, டைரக்டரிடம் முறைப்பாடு செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஏற்பாட்டுக்காரப் பெண் சூரியனைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். பொழுது மலைக்கு மேலே இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மான்செஸ்டர்க்காரி திரும்பி வந்தார். வெள்ளை உடுப்பு இல்லை. பெட்டிக்குள் மடிந்து கிடந்த சுருக்கத்தோடு, செக்கச் சிவந்த ஒரு கவுண். அவசரத்தில் பின்பக்கச் சிப் பாதிதான் ஏறியிருந்தது. நேரே வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"முதுகுச் சிப்பைக் கொஞ்சம் இழுத்து விடுகிறீரா?" இவ்வளவுதான் கேட்டார்.

இழுத்துவிட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஐந்தின் வால் முடியும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏற்பாட்டுக்காரப் பெண் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மான்செஸ்டர்க்காரி அவளை ஒரு பார்வை பார்த்தார், செலவுக் கணக்குப் பார்வை. அவள் வாயை மூடிக்கொண்டாள். ட்ரோன் எழும்பியது. படம் எடுத்து முடிந்தது.

விருந்து மண்டபத்துக்கு நடந்து போகும் வழியில், எனக்கென்னவோ விளக்கம் சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. என் கணவர், என்று தொடங்கினேன். மான்செஸ்டர்க்காரி கையை உயர்த்தித் தடுத்தார். அழுது முகம் வீங்கினால் சாப்பிட முடியாது, சாப்பிட்டுவிட்டு விருப்பமென்றால் சொல்லும் என்றார். பிறகு, ஹோட்டல் கோப்பி கழுநீர் மாதிரி இருக்கிறதென்று திட்டத் தொடங்கினார். நானும் சேர்ந்து திட்டினேன். மூன்று நாளில் நான் வாய்விட்டுக் கதைத்தது அதுதான் முதல்தடவை. சாப்பிட்டபிறகு சொல்லவும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

என் பெயரை டைரக்டர் அறிவித்தார். நிறத்தைப் பற்றி ஏதோ பகிடியும் விட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீடு தப்பியது. அந்தப் படம் கம்பனியின் முகநூலில் வந்து, அங்கிருந்து மச்சாளின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவவே புட்டும் கறியும் கொண்டு வந்தா.

மான்செஸ்டர்க்காரி அடுத்த வருடம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவரும் யாரையாவது பறிகொடுத்தவரா, இல்லை ஏற்பாட்டுக்காரர்களைக் கண்டாலே பிடிக்காத பிறவியா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஏன் வெள்ளை உடுத்தவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

போன மாதம் ஈஸ்ட்ஹாமில் ஒரு செத்தவீடு. புருசனைப் பறிகொடுத்த பிள்ளை என்னைவிட எவ்வளவோ இளையவள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஆளாளுக்கு அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சொல்ல நிறையவே இருந்தது. ஒன்றும் சொல்லாமல், ஒரு கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு அமர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. ஒருவரின் துக்கம் விளங்கினால்தான் பக்கத்தில் போகலாம் என்று அந்த மணல் மாலைவரை நினைத்திருந்த எனக்கு, விளங்காமலே வந்து பக்கத்தில் நின்ற மான்செஸ்டர் மனுசியிடமிருந்துதான் இந்தப் பழக்கம் வந்தது.