குற்றாலத்துக்குப் போய்வரச் சீட்டு வாங்கலாமா?

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பாளையங்கோட்டைப் பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: குற்றாலத்துக்கு ரயிலில் போய்வரச் சீட்டு எடுத்தால் லாபமா? மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதால் வந்த வினை இது. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே சொல்லி மாளாது. ஆகவே போன ஆனியில் நாங்கள் போய்வந்ததை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அருவியில் குளிக்கப் போகிறோம் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். உண்மையில் போனது எங்கள் மூத்த மகன் ஆசீர்வாதத்தைப் பார்க்க. ஆரியங்காவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவன் கணக்குப்பிள்ளை. சபை ஊழியத்துக்குப் படிக்க மாட்டேன் என்று அவன் சொன்ன அன்று, உபதேசியாராகிய அவன் அப்பா, "அப்படின்னா இந்த வாசப்படிய மிதிக்காதலே" என்றார். அவனும் இரண்டு வருஷம் மிதிக்கவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை, வேறென்ன சொல்ல! நடுவில் கிடந்து வெந்தவள் நான். கடைசியில் ஒருநாள் அவரே சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல், "குத்தாலத்துல நல்ல சாரலாம். அங்கனருந்து ஆரியங்காவு கிட்டத்தானே" என்றார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து வராது. அன்றைக்கே மகனுக்கு எழுதினேன்: ஒரு வாரம் இருப்போம், ஞாயிறும் அங்கேதான், எப்படியாவது இறங்கி வா. நாள் சொல்ல முடியவில்லை, கட்டாயம் வருவேன் என்று பதில் எழுதியிருந்தான்.

மாட்டுவண்டியில் போனால் இரண்டு நாள், இடுப்பு ஒடிந்துவிடும். ரயிலில் நாற்பத்தைந்து மைல், மூன்றரை மணி நேரம். மூன்றாம் வகுப்பில் ஒரு வழிக்கு ஆளுக்கு எட்டணா. எங்கள் இருவருக்கும் முழுச்சீட்டு, இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அரைச்சீட்டு; போகவர மூன்று ரூபாய் ஆகும். போகவும் வரவும் சேர்த்துப் போய்வரச் சீட்டாக எடுத்தால் இரண்டே கால். பன்னிரண்டணா மிச்சம். ஆனால் ஏழு நாள்தான் செல்லும்.

திங்கட்கிழமை காலை ஆற்றுப்பாலத்து ஸ்டேஷனில் சீட்டுக் கொடுப்பவர், "ஞாயித்துக்கெழம ராத்திரி வரைக்கும் செல்லும், அய்யா" என்றார்.

"ஓய்வுநாள்ல நாங்க ரயில் ஏறுறதில்ல வே. சனிக்கெழமயே திரும்பிருவோம்" என்றார் இவர்.

"பயலுக்கு ஞாயித்துக்கெழமயும் இருப்போம்னுல்லா எழுதியிருக்கேன்?" என்று நான் முணுமுணுத்தேன். "அதுக்குள்ள வந்துருவான்" என்று சீட்டை வாங்கிவிட்டார். பன்னிரண்டணாவை நானும்தான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன்.

சேரன்மகாதேவி தாண்டியதும் வயலும் வாய்க்காலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து மலை கூடவே வரும். தென்காசியில் இறங்கி மூன்றரை மைல் மாட்டுவண்டி. எங்களை ஏற்றிப்போன மீரான் அண்ணாச்சி பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவைக்காத மனிதர். வாரத்துக்கு இரண்டு ரூபாய் வாடகையில் பாதி வீடு அமர்த்திக்கொடுத்ததும் அவர்தான். அருவிக்குப் பெண்கள் விடியலிலேயே போய்விடுவது நல்லது. பிறகு நெருக்கம் தாங்காது.

பெண்பிள்ளைகள் நாள் முழுவதும் தண்ணீரில் கிடந்தார்கள். நான் மத்தியான ரயிலுக்குத் தென்காசியிலிருந்து வரும் வண்டிகளை எண்ணிக்கொண்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை வரை அவன் வரவில்லை. சனிக்கிழமை காலை மூட்டை கட்டி வைத்தேன். இவர் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மூட்டைய அவுரு. தோட்டத்துல ஞாயித்துக்கெழமதான் லீவு. நாளைக்கு வருவான்."

"நாளை ராத்திரியோட சீட்டு முடியுதே?"

"சாயங்கால வண்டிக்குப் போவோம்."

"நாளைக்கு ஓய்வுநாள்லா?"

"தெரியும்" என்றார். ஓய்வுநாளில் பயணம் போகிறவர்களைப் பிரசங்கத்தில் பேர் சொல்லாத குறையாகக் கண்டிக்கிற மனிதர் அவர். புதுச் சீட்டுக்குப் பணமில்லை. கையில் ஒரு ரூபாய்தான் மிச்சம். கடன் வாங்கவும் மாட்டார். மகனுக்காகத்தான் இதற்கு ஒப்பினார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறன்று வீட்டிலேயே ஜெபத்தை முடித்துக்கொண்டு பாதையில் போய் நின்றவர், நாலு மணி வரை நின்றார். மகன் வரவில்லை. மீரான் அண்ணாச்சிதான் எங்களை ரயிலேற்றிவிட்டார். பெட்டிக்குள் தெரிந்த முகம் இருந்துவிடுமோ என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மூலையில் சாய்ந்தார் இவர். தூங்குகிறார் என்று நினைத்தேன். அம்பாசமுத்திரம் தாண்டி, "அவன் என்ன மன்னிக்கல" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். எனக்கு மகன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வந்தும் அவனுக்கு ஒரு வரி எழுதவில்லை.

வீடு திரும்பிய எட்டாம் நாள் தோட்டத்திலிருந்து தந்தி வந்தது. மலைக்காய்ச்சலாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

பெண்பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கல்லறையைப் பார்க்க இருவரும் ஆரியங்காவுக்கு ரயிலேறினோம். தென்காசியில் வண்டி நின்றபோது, சவாரிக்கு வந்திருந்த மீரான் அண்ணாச்சி எங்களைக் கண்டு ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

"மகனப் பாக்கத்தான போறிய? அன்னைக்கு நீங்க போன மறுநாள், திங்கக்கெழம மத்தியானம், என் வண்டியிலதான் வந்தாரு. 'நேத்தே நாந்தான் ரயிலேத்தி விட்டேன்'னு அவருகிட்ட சொன்னேன், நம்பவே இல்ல. 'இருக்காது அண்ணாச்சி. நேத்து ஞாயித்துக்கெழமல்லா? எங்க அப்பா ரயிலேற மாட்டாவ. நானும் அவியளுக்குப் புடிக்காதேன்னுதான் நேத்து வராம, இன்னைக்கு லீவு கேட்டு வந்தேன். அருவிக்குப் போயிருப்பாவ, வந்துருவாவ'ன்னாரு. பூட்டுன வீட்டு வாசல்ல இருட்டுத மட்டும் இருந்தாரு, அந்தச் சாரல்லயே. நல்ல புள்ளம்மா."

நாங்கள் வாய் திறக்குமுன் வண்டி நகர்ந்துவிட்டது. இவர் என் கையைப் பிடித்தவர், ஆரியங்காவு வரும்வரை விடவில்லை.

போய்வரச் சீட்டில் பன்னிரண்டணா மிச்சம் என்பது உண்மைதான். தண்ணீர் பார்க்க மட்டும் போகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒற்றைச் சீட்டு வாங்குங்கள். அவன் வந்து சேரும்வரை அங்கேயே இருங்கள்.