சோற்றுக் கரண்டி வேட்பாளர்

எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் சூடு பிடித்திருந்த நாட்கள் அவை. நாங்கள் குடியிருந்த டொலார்ட் பகுதியிலிருந்து துறைமுகப் பக்கத்துக் கிடங்குக்கு நாங்கள் சில பேர் ஒரே காரில் வேலைக்குப் போவோம். அந்த நாட்டில் எங்களில் ஒருவருக்கும் வாக்கில்லை. ஆனால் யார் வெல்வது என்பதைக் கிடங்கு போய்ச் சேர்வதற்குள் நாங்கள் முடிவு செய்துவிடுவோம். அங்கே போட்டியிட்ட பெண்ணைப் பற்றிக் காரோட்டும் நண்பர் தினமும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்.

"ஆள் கெட்டிக்காரிதான். எனக்கெண்டால் ஒரு பிரச்சினையுமில்லை. சனத்துக்குத்தான் பழக்கமில்லை."

அதே இலையுதிர் காலத்தில் இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் தலைவர் தெரிவு வந்தது. என் மனைவி போட்டியிட்டாள். பல வருடங்களாகச் செயலாளர் அவள்தான். மண்டபம் பிடிப்பது, நகராட்சிக்குப் பிரெஞ்சில் எழுதுவது, பனி கொட்டினால் விழாவைத் தள்ளிவைப்பது எல்லாம் அவள் தலையில். இவ்வளவும் செய்கிறவளுக்குத் தலைவர் என்ற பெயரும் வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆசைப்பட்டாள். எனக்கு அந்த ஆசை பிடித்திருந்தது.

எதிரே நின்றவர் நெடுநாள் தலைவர். கூட்டத்தில் வாய் திறப்பது அபூர்வம். ஆனால் எந்த விழாவானாலும் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்பார். யாருக்கு உறைப்பு ஆகாது, யார் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார்கள், எந்தப் பிள்ளை இரண்டாவது அப்பளம் கேட்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மனைவி தன் திட்டங்களோடு வீடு வீடாகப் போனாள். நான் துணைக்குப் போனேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணியும் ரோல்ஸும் தந்து, தங்கள் வாக்கு அவளுக்குத்தான் என்றார்கள். மற்ற ஆட்கள் என்ன செய்வார்களோ என்றுதான் கவலைப்பட்டார்கள். அந்த மற்ற ஆட்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குக் கடைசிவரை அகப்படவில்லை.

எங்கள் சங்கத்தில் வாக்குச்சீட்டு கிடையாது, கையைத்தான் உயர்த்த வேண்டும். தெரிவு நாளன்று மண்டபத்தில் முதலில் என் மனைவியின் பெயர் சொல்லப்பட்டது. நான் கையைத் தூக்கினேன். மற்றவர்கள் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார்கள். காரோட்டும் நண்பரின் கை காதுவரை வந்தது. இரு பக்கமும் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்துத் தலைவரின் பெயர் வந்ததும், அப்பளம் வேண்டுமா என்று கேட்டது போல மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள். வென்றவர் கரண்டியை வைத்துவிட்டு ஒரு தட்டோடு அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை. உங்களுக்கெண்டு கத்தரிக்காய் தனியா எடுத்து வைச்சனான்."

அவள் தட்டை வாங்கினாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது அவர்மேல் கோபமில்லையா என்று கேட்டேன்.

"கோவம்தான். அழுகையும் வருது. ஆனா அந்த மனுசன் தட்டை நீட்டினவுடன என்ரை கை தன்ரைபாட்டுக்குப் போயிட்டுது. எனக்கே இப்பிடியெண்டால் சனத்தை என்னெண்டு குறை சொல்லுறது?"

பிறகு தைப்பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடித்தாயிற்று என்று நினைவூட்டினாள்.

"அண்டைக்கு அந்தக் கரண்டி என்ரை கையிலதான்."