ஆறு வழவழப்பான உத்தரங்கள்

பத்து வயதிலேயே பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பக்கத்தில் நான் கட்டிய வீடுகள் நாற்பத்தாறு. ஒன்றாவது ஒழுகுகிறது என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன். ஆனால் இது என் கதையல்ல, தச்சர் ஈனோக் டிராண்டரின் கதை.

1902இல் எங்கள் ஊரான ஆஷ்கம்பில் சின்னத் தேவாலயம் எழும்பியபோது நான் கல்வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். லண்டனிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் ஹார்னிமன் ஐயாவுக்குக் காண்ட்ராக்டர் என்றாலே ஆகாது. ஊர் ஆட்களை அவரே நேராகக் கூலிக்கு வைத்தார். சிவப்புக் கல்லை உளி பட்டபடியே வைக்கச் சொன்னார். கதவுத் தாழ்ப்பாளை எங்கள் ஊர்க் கொல்லரே அடித்தார். ஜன்னல் கண்ணாடியில் குமிழ் இருந்தால் ஐயாவுக்குக் கொண்டாட்டம்; கட்டடம் பொய் சொல்லக் கூடாதாம், செய்த கை தெரிய வேண்டுமாம். கூரைக்கான பதினைந்து ஓக் உத்தரங்களையும் கோடாலி போன்ற வாச்சியால் மட்டுமே செதுக்க வேண்டும், இழைக்கக் கூடாது, வெட்டுத்தடம் கீழிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று ஈனோக்கிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் லண்டன் போய்விட்டார்.

ஈனோக்குக்கு மனம் ஒப்பவில்லை. இருபது வருஷமாகத் தடம் தெரிந்த மரத்தை எந்த முதலாளியும் அவரிடம் வாங்கியதில்லை.

"மாட்டுத் தொட்டிய வேணா அப்படி விடலாம். சாமி வீட்டையா?"

"அவரு சொன்னபடி செஞ்சிருங்களேன். வந்து கத்தப்போறாரு," என்றேன்.

"நீ குதிரையப் பாரு சைலஸ். மரத்த நான் பாத்துக்கறேன்."

ஐயா திரும்பி வந்தபோது ஆறு உத்தரங்கள் இழைப்புளி போட்டுக் கண்ணாடியாக மின்னின. அவர் கையால் தடவிப் பார்த்தார்.

"இதுல ஆள் எங்கய்யா? மிஷின்ல போட்டு எடுத்த மாதிரி இருக்கு!"

"மிஷினா? என் தோள்பட்டையக் கேளுங்க ஐயா, அது சொல்லும்."

"மறுபடி வாச்சிய எடுத்துத் தடம் வை. முடியாதுன்னா சாமானக் கட்டிக்கிட்டுக் கிளம்பு."

சுற்றியிருந்தவர்கள் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குளிர்காலம் வந்துகொண்டிருந்தது. பத்து மைலுக்குள் ஒரு தச்சனுக்கு வேறு வேலை கிடையாது. ஈனோக் இழைப்புளியைப் பையில் போட்டுக் கயிற்றை இறுக்கினார்.

"கிளம்பறேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். மரத்த நேராக்கும்போது விழுந்த வெட்டு நெசம். நேரான மரத்துல அழகுக்காக வெட்டினா அது பொய். கட்டடத்துல பொய் கூடாது, பொய் கூடாதுன்னு தெனமும் எங்க உயிர எடுக்கறது நீங்கதானே?"

ஐயாவின் முகம் சிவந்தது. கீழே கிடந்த மரச்சுருளை எடுத்து விரலில் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மீதி ஒம்பதும் வாச்சிதான்."

"அப்ப பையப் பிரிக்கலாமா?"

"பிரி."

ஒன்பதும் பீடத்துப் பக்கம் ஏறின. வழவழப்பான ஆறையும் கதவோரம், வெளிச்சம் எட்டாத கடைசியில் ஏற்றச் சொன்னார் ஐயா. "அங்க யாரு நிமிந்து பாக்கப்போறா?" என்று என் காதோடு முணுமுணுத்தார்.

ஏணியிலிருந்து ஈனோக் கூவினார்: "பாத்தியா சைலஸ்! நம்ம ஆளுங்க உக்கார்ற எடத்துக்கே நல்லதெல்லாம் குடுத்துட்டாரு. மனுஷன் திருந்திட்டாரு!"

எதற்கும் வாய் திறக்கிற நான் அன்று திறக்கவில்லை. அதன்பின் முப்பத்தோரு வருஷம், பிரசங்கம் முழுக்க ஈனோக் அண்ணாந்து அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான். மெழுகுவர்த்தி ஏற்றினால் பீடத்துப் பக்கத்து ஒன்பதும் வெட்டுத்தடத்தில் நிழல் விழுந்து காற்றடித்த குளம்போல அசையும். எனக்கு அவைதான் பிடிக்கும். அதையும் அவரிடம் சொன்னதில்லை.