ஊசிக்குப் பயமில்லாதவர்

சாம்பல்தீவு மீனவர் ஒருவரிடம் காலையில் இன்சுலின் போடச் சொல்லி மூன்று கிளினிக் நாளிலும் டொக்டரான நான் ஏசியிருக்கிறேன். மூன்று முறையும் தலையாட்டிவிட்டுப் போய், ஊசி போடாமலே திரும்பி வந்தார். "மறுக்கிறார்" என்று அவரது கிளினிக் கொப்பியில் எழுதினேன்.

நான்காம் முறை, "ஊசிக்குப் பயமோ ஐயா?" என்றேன்.

தூண்டில் முள் கிழித்த கைகளை விரித்துக் காட்டிச் சிரித்தார்.

"ஊசிக்கென்ன பயம், மகள்? விடியமுன்னம் வெறும் வயித்தோட தனியத்தான் கடலுக்குப் போறனான். அங்க சீனி இறங்கி மயங்கினா ஆர் பாக்கிறது?"

அவர் கரைக்கு வந்து சாப்பிடும் நேரத்துக்கு, குறைந்த அளவில் ஒரே ஊசி என்று இருவருமாக முடிவெடுத்தோம்.

"சீனி இறங்கினா வாயில போட வள்ளத்தில டொபியும் வைச்சிருப்பன்" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

கொப்பியில் "மறுக்கிறார்" என்பதை வெட்டினேன். "நான் கேட்கவில்லை" என்று எழுதத்தான் துணிவு வரவில்லை.