தகப்பன் இல்லாத படக்கதை

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் கைத்தொலைபேசிக்குள் தலையைக் கவிழ்த்து வாசிக்கிற யப்பான் படக்கதைகளைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை என்று உங்கள் அம்மாவுக்கு என்மேல் குறை. சித்திரம் படிக்கிற பெட்டையும் பெடியனும், மழை, கண்ணீர், கட்டிப்பிடிப்பு எல்லாம் எனக்குத் தெரியும். உங்களுக்கு முன்பே அந்த வகைப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்து, எல்லாரையும் ஆட்டிப்படைத்துவிட்டுப் போனது. நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். அக்கராயனில் குளத்துக்குக் கீழே எங்களுக்கு வயல். எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

அப்பா எதையும் ஒரு தரத்தில் நம்பமாட்டார். கடையில் அரிசி வாங்கினால் மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். கிளிநொச்சி என்று பலகை போட்ட பஸ்ஸில் ஏறும்போதும், "இது கிளிநொச்சிக்குத்தானே போகுது?" என்று நடத்துநரைக் கேட்பார். ஓம் என்றால், பின் இருக்கையில் இருப்பவரிடமும் கேட்பார்.

என் அக்கா, அதாவது உங்கள் மாமி, சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டு வீட்டில் இருந்தாள். உயர்தரத்துக்குச் சித்திரம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எங்கள் பக்கத்தில் அதைப் படிப்பிக்க ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கலாம் என்று அம்மா மெல்ல மெல்லக் கரைத்து, அப்பாவை "பாப்பம்" என்ற சொல் வரைக்கும் கொண்டுவந்திருந்தா. அப்பாவின் வாயில் "பாப்பம்" வருவது, மற்றவர்கள் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வதற்குச் சமம்.

அக்கா கீறுவது கரியால். பூவரசங்குச்சிகளைப் பால்மாப் பேணிக்குள் அடைத்து, அடுப்புத் தணலில் புதைத்துத் தானே அந்தக் கரியைச் சுட்டெடுப்பாள். பிழைத்துவிட்டால் பேக்கரிப் பாணின் நடுவிலுள்ள வெள்ளையைப் பிய்த்து, உருட்டி, கரியின்மேல் ஒற்றி எடுப்பாள். கோடு போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் பாண் எப்போதும் நடுவில்லாமல்தான் இருக்கும். அப்பா எலியைச் சந்தேகித்துப் பொறி வைத்திருந்தார்.

அந்த நேரத்தில் பிரான்சிலிருந்து சித்தப்பாவின் பொதி வந்தது. சவர்க்காரம், சட்டைகள், இனிப்புகளோடு ஒரு தடித்த படக்கதைப் புத்தகம். சித்தப்பாவின் மகள் வாசித்து முடித்தது. அக்கா சித்திரம் படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு அனுப்பியிருந்தாள். அட்டையில் பெரிய கண்களோடு ஒரு பெட்டை, கையில் தூரிகை, கன்னத்தில் நீலப் பொட்டுப்போலக் கொஞ்சம் வண்ணம்.

ஒரு கிழமையாக அது கதிரையில் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா அதைக் கையில் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிக்கிற பிள்ளைகள் எப்படி நடப்பார்கள் என்று அறிய அவருக்குக் கிடைத்த ஒரே சாட்சி அது. பிரெஞ்சு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. படங்கள் போதும் என்றார் அப்பா.

முதல் பக்கத்தில் நிமிர்த்திய உள்ளங்கை ஒன்றும் அதன்கீழ் நாலு வரியும் இருந்தன.

"பாத்தியளே, கையைக் காட்டி மறிச்சிருக்கிறான். பிள்ளையள் பாக்கக்கூடாது எண்டு எச்சரிக்கை" என்று அவர் என்னைத் தள்ளி இருக்கச் சொன்னார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் தள்ளி இருந்தேன்.

அடுத்த பக்கத்திலேயே மழைக்குள் கட்டிப்பிடிப்பு. அப்பா புத்தகத்தை மூடப்போனார். முடிவு தெரியாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று மறுபடி திறந்தார். பிறகு பெரிய மண்டபத்தில் அந்தப் பெட்டையின் படம் தொங்குகிறது. பெடியன் அதைக் கீறுகிறான். பிறகு அதே இடத்தில் வெறும் வெள்ளைத் துணி நிற்கிறது. இருவரும் சண்டை பிடிக்கிறார்கள். படிக்கட்டில் தாள்கள் பறக்கின்றன. கடைசியில் பெட்டை பெட்டியோடு ரயிலுக்குப் பக்கத்தில் தனியே நிற்கிறாள். பக்க இலக்கங்கள் குறைந்துகொண்டே வந்ததையும் அப்பா கவனிக்காமல் விடவில்லை. "அச்சிலயும் கள்ளம்" என்றார்.

ஆனால் முடிவு அவருக்குப் பிடித்துப்போனது. "பரவாயில்லை. ஆட்டமெல்லாம் ஆடி, கடைசியில புத்தி வந்து வீட்டை போறாள்."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவில்லை. "பாப்பம்" உயிரோடு இருந்தது.

இரண்டு நாள் கழித்து நானா வந்தார். சைக்கிளில் புடைவை மூட்டையோடு வருகிற முஸ்லிம் வியாபாரி. எல்லாருக்கும் அவர் நானாதான். இடம்பெயர்ந்து புத்தளப் பக்கம் இருந்துவிட்டு, பாதை திறந்தபின் திரும்பி வந்தவர். கதிரையில் இருப்பதற்காகப் புத்தகத்தை எடுத்தவர், சும்மா திறந்தார். நாங்கள் திறந்த பக்கத்தால் அல்ல, மற்றப் பக்கத்தால்.

"அட, பிள்ளை பெட்டியோட ரயிலால இறங்குது. படிக்க வருதுபோல."

"வரேல்ல நானா, போகுது. அது கடைசிப் பக்கம்" என்றார் அப்பா.

"இல்லை அண்ணை, இதுதான் முதல். நாங்க ஓதுற அரபுக் கிதாபும் இப்பிடித்தானே, வலப்பக்கத்தால திறக்கிறது. இலக்கத்தைப் பாருங்கோ, இஞ்சயிருந்துதான் கூடிக்கொண்டு போகுது."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சொல்லச் சொல்ல, கதை எங்கள் கண்முன்னே மறுபக்கம் நடந்தது. அந்த உள்ளங்கை மறித்தது, பிழையான பக்கத்தால் திறந்த எங்களைத்தான். ரயிலால் இறங்கிய பெட்டை படிக்கட்டில் பெடியனோடு மோதினாள், தாள்கள் பறந்தன, சண்டை சிநேகமானது, வெள்ளைத் துணியில் அவளுடைய முகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் நானா, "அஸ்தஃபிருல்லாஹ்" என்று புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "தங்கச்சி, புது வொயில் சேலை வந்திருக்கு, பாக்கிறியளே?" என்று அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

நானா படலை தாண்டிவிட்டாரா என்று அப்பா எட்டிப் பார்த்தார். பிறகு, "யாழ்ப்பாணமும் வேண்டாம், சித்திரமும் வேண்டாம்" என்றார். "தொடக்கத்தில பெட்டி, முடிவில கட்டிப்பிடிப்பு. இதைத்தானே நானும் பயந்தனான்."

"அது படம்தானேயப்பா" என்றா அம்மா.

"சும்மா வருமே படம்? கண்டதைத்தானே கீறுவினம்."

அக்கா குசினிக்குள்ளிருந்து வந்தாள். கை இரண்டும் கரி. அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, புத்தகத்தைத் தொடாமல், "திறவுங்கோ அப்பா" என்றாள்.

"ஏன்?"

"அந்தப் பெட்டையின்ர விரலைப் பாருங்கோ. நகத்துக்குள்ள ஊத்தை இருக்கே? என்ரயைப் பாருங்கோ. அவளுக்கு வண்ணம் படுறது கன்னத்தில மட்டும். அதுகும் வடிவா, ஒரு பொட்டு."

அப்பா பார்த்தார். பிறகு புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"அந்தப் பெடியன் அவளை ஒருக்கா நிமிர்ந்து பாக்கிறான். அடுத்த பக்கத்தில முழுப்படமும் முடிஞ்சுது. எங்கட சிவப்பி மாடு படுத்திருக்கேக்க முன்னங்கால் எப்பிடி மடியுது எண்டு கீற எனக்கு ஒரு மாதம் போச்சுது. இன்னும் சரிவரேல்ல. முழுப் புத்தகத்திலயும் ஆரும் ஒரு கோட்டை அழிச்சவையே? தேடிச் சொல்லுங்கோ. தூரிகை கழுவினவையே? அவள் தூரிகையைத் தூக்கினவுடன பூக்கொட்டுது. விதைக்காமல், களை பிடுங்காமல், அடுத்த நாள் அரிவி வெட்டு எண்டு ஒருத்தர் கதை சொன்னா நம்புவியளே?"

"விசரே எனக்கு?"

"அப்ப இதை மட்டும் ஏன் நம்புறியள்? இவை சித்திரம் படிக்கேல்ல அப்பா. படிக்கிறமாதிரி நிக்கினம்."

அப்பா முதலிலிருந்து, நானாவின் பக்கத்தால், மறுபடி புரட்டினார். நேரம் எடுத்தது. மாடு கத்தியும் அவர் எழும்பவில்லை. அழிக்கிற ஆளைத் தேடுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கடைசியில் தலையை நிமிர்த்தி, "இந்தப் பெட்டையின்ர தேப்பன் எங்க?" என்றார்.

"கீறேல்ல."

"ஒரு படத்திலயும் இல்லையே?"

"தேப்பனைக் கீறினா கதை ஓடாது அப்பா."

அப்பாவின் மீசை அசைந்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய், வீட்டில் இருந்த ஒரே சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மாடு அவிழ்க்கப் போனார். இரவு சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், "என்னை விடச் சந்தேகப்படுறாள். இவளை ஆர் ஏமாத்துறது?" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "நானும் போறன். அந்த வகுப்பை என்ர கண்ணால பாத்திட்டுத்தான் வருவன்" என்றார்.

அப்படித்தான் ஒரு விடியலில் அக்கா வெளிக்கிட்டாள். அவளுடைய உடுப்புக்குச் சூட்கேஸ் வேண்டும் என்று அப்பா அதைத் திறந்து, உள்ளே இருந்த புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தார். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சந்தியில் பஸ் வந்ததும் அப்பா, "யாழ்ப்பாணத்துக்குத்தானே?" என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு அவளை ஏற்றி, தானும் ஏறினார்.

எனக்கு அக்காவில் மனத்தாங்கல். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. அவ்வளவு அழகான பெட்டையை அவள் பொய்காரி ஆக்கிவிட்டாளே என்று இருந்தது. அம்மா வயலுக்குப் போனபின் கட்டிலில் ஏறியிருந்து, நானா காட்டிய பக்கத்தால் புத்தகத்தைத் திறந்தேன்.

அப்பா புரட்டிய வலப்பக்க மூலைகள் துப்பரவாக இருந்தன. இடப்பக்கத் தாள்களின் கீழ் மூலையில், நானாவின் கணக்கில் புரட்டினால் பெருவிரல் படுகிற இடத்தில், ஒவ்வொரு தாளிலும் கரி. சின்னப் பெருவிரல். ஒன்றின்மேல் ஒன்றாக, பல தரம் பட்ட விரல். மழைப் பக்கத்தில் அது தாளை மினுங்க வைத்திருந்தது.

நானா வந்துபோன அன்றிலிருந்து புத்தகம் பூட்டுக்குள் இருந்தது. அந்த விரல் பட்டது அதற்கு முன்பே. நாங்கள் எல்லாரும் அதைப் பின்பக்கமாக வாசித்துச் சந்தோசப்பட்டபோது, கல் பொறுக்குகிறவள் ஏன் தலை நிமிரவில்லை என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை. பிடிக்காத புத்தகத்தை ஏன் இப்படி ஊத்தையாக்கினாள் என்று மட்டும் எரிச்சல் வந்தது. அப்பா வந்து கண்டால் முதலில் என்னைத்தான் சந்தேகிப்பார்.

குசினியில் முதல் நாள் பாண் இருந்தது. அக்கா இல்லாததால் நடுவும் இருந்தது. வெள்ளையைப் பிய்த்து, அவள் உருட்டுவதுபோல உருட்டி, ஒவ்வொரு மூலையாக ஒற்றி எடுத்தேன். மழைப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு உருண்டை போனது.

கறுத்துப்போன பாணை முற்றத்தில் கோழிக்குப் போட்டேன். கோழி தலையைச் சரித்து ஒரு கண்ணால் பார்த்தது, மற்றக் கண்ணாலும் பார்த்தது, பிறகு தொடாமல் போய்விட்டது.