பல் பிளேட்டில் பேசிய டச்சு

மகளின் பல்லைக் காட்டப் போயிருந்தேன். டாக்டர் மேசைமேல் கிடந்த ரோஸ் நிற பிளேட்டின் வாசனை என்னை நேராகப் பழவேற்காட்டுப் பக்கத்துக் கோட்டைக்குப்பத்தில் இறக்கிவிட்டது. எங்கள் ஊர் பஸ்கூட அவ்வளவு நேராகப் போகாது.

எட்டாவது படிக்கையில் என் மேல்வரிசைப் பற்கள் என்னைவிட ஓரடி முன்னால் நடந்தன. வகுப்பில் எனக்குத் தேங்காய்த்துருவி என்று பெயர். கடலுக்குப் போகும் நைனாவுக்கு என் கல்யாணக் கவலை. அம்மா என்னைச் சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "வளர்ற வயசுலதான் தாடை வழிக்கு வரும்" என்று சொல்லி, கம்பி வைத்த இரண்டு ரோஸ் நிற பிளேட்டுகளை மேலும் கீழும் மாட்டிவிட்டார்கள். கடித்தால் கீழ்த்தாடை முன்னால் வந்து நிற்கும். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். மற்ற நேரம் பேச்சும் எச்சிலும் சேர்ந்தே வரும். 'சோறு' என்றால் 'ஷோழு'. அம்மா ஒருத்திக்குத்தான் விளங்கும்.

அந்த வருஷ ஆண்டுவிழாவில், பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர்கள் வந்திறங்கிய நாடகம். கேப்டன் வேஷத்துக்கு ஆள் தேடிய டீச்சர், நான் 'உள்ளேன்' சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தார்.

"இவளே பேசட்டும். வசனம்கூட எழுத வேணாம்."

பிறவிக் கலைஞர்களை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் போலும்.

எங்கள் பள்ளியில் எட்டாவதுவரைதான்; மேலே படிக்கப் பொன்னேரிக்குப் போக வேண்டும். இதற்குள் நைனா ஒரு முடிவெடுத்திருந்தார். "எட்டாவது போதும். பல்லு சரியானா கட்டிக் குடுத்துர்லாம்." ஆக, பல் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு சீக்கிரம் கல்யாணம். பிளேட்டைக் கழுவும்போதெல்லாம் பல் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்பேன்.

விழாவில் நைனா முதல் வரிசை. அட்டைத் தொப்பியோடு அவரையே பார்த்து முழங்கினேன்: "நைனா, நான் பொன்னேரிக்குப் போயி படிக்கப்போறேன். கல்யாணம் வேணாம். சரின்னு சொல்லு."

கேட்டவர்களுக்கு அது டச்சு. நைனா எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வரிக்கு வரி அர்த்தம் சொன்னாள்.

"இன்னாமே சொல்ற?" என்றார் நைனா.

"ஊரே பாக்க சரின்னு கைதட்டிட்டு, இப்ப இன்னா யோசன?"

நைனா கிழிந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "கேப்டன் சொன்னா கேக்கணும்ல" என்றார். ஜூனில் நான் பொன்னேரி பஸ் ஏறினேன்.

இரண்டு வருஷத்தில் பல் உள்ளே போனது, பேச்சு வெளியே வந்தது. இப்போது நான் சொல்வது எல்லோருக்கும் விளங்குகிறது; அதனால் யோசித்துத்தான் வாயைத் திறக்கிறேன். மேடை போட்ட மைதானத்தில் கட்டடம் வந்துவிட்டது. நைனா இல்லை. என் டச்சு தெரிந்த ஒரே ஆளான அம்மாவும் போன ஐப்பசியில் போய்விட்டாள். இனி அதில் பேசினால், நிஜமாகவே யாருக்கும் புரியாது.