ஐம்பது விழுந்து ஐம்பது ஏறியது

கட்டிங் மாஸ்டர் துணி விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார். பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வெட்டுகிறார். "சுருங்கவே சுருங்காது" என்று வியாபாரி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், ஒரு துண்டை நனைத்து, காயவைத்து, டேப்பை வைத்து அளந்த பிறகுதான் மேஜையில் விரிப்பார். இப்பேர்ப்பட்ட மனிதர் கிரிப்டோ விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதித்தார் என்றால் என்னத்தைச் சொல்ல!

முதலில் கைக்காசு பத்தாயிரம் போட்டார். ஒரே மாதத்தில் பன்னிரண்டாயிரம் ஆனது. அவ்வளவுதான், மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் இருபது சதவீதம் என்றால் வருஷத்துக்கு எவ்வளவு என்று, அளவு வரையும் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தார். வீட்டில் இருந்த எட்டு லட்சம் எழுபத்தொரு லட்சமாக வந்து நின்றது. ஒரு மாதம் நடந்தது பன்னிரண்டு மாதமும் நடக்கும் என்று எந்த மடையன் சொன்னான்? யாரும் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டு, எட்டு லட்சத்தையும் கொண்டுபோய்ப் போட்டார்.

அந்த எட்டு லட்சமும் அவருடையது அல்ல, அக்காவுடையது. அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. விடுதிச் சமையலறையில் முப்பது வருஷம் நின்று நின்றே இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவள். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை, ஆபரேஷன் செய்யும்வரை பத்திரமாக வைத்திரு என்று தம்பியிடம் கொடுத்தாள். தம்பி வைத்த லட்சணம் இது.

இரண்டாம் மாதமே விலை பாதியாகச் சரிந்தது. செயலியில் தொகையை மறைத்துவிட்டு, விலை ஏறி இறங்கும் சதவீதத்தை மட்டும் பார்த்துவந்தார். ஐம்பது விழுந்திருக்கிறது, ஐம்பது ஏறினால் சரியாகிவிடும் என்பதுதான் அவருடைய கணக்கு. அக்காவோ ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறிக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரம்க்கா" என்று சொல்லியே நான்கு மாதம் ஓட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூறு அடுக்குத் துணியில் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. விழுந்த இடத்திலிருந்து ஐம்பது சதவீதம் ஏற்றம். மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, பணம் வந்துடுச்சு. வண்டி பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் உட்காரு. நான் வந்து கட்டுறேன்."

"நெஜமாவா தம்பி? ரெண்டு காலுக்குமா?"

"ரெண்டுக்கும்தான்."

அப்புறம்தான் மறைத்துவைத்த தொகையைத் திறந்தார். ஆறு லட்சம்.

ஏதோ கோளாறு என்று மூடித் திறந்தார். ஆறுதான். மேஜைமேல் கிடந்த துணியை வெறித்துப் பார்த்தார். எட்டு மீட்டரில் பாதி போனால் நாலு. அந்த நாலில் பாதியைச் சேர்த்தால் ஆறு. துணியாக இருந்திருந்தால் தூக்கத்தில்கூட இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார். நாலு மறுபடி எட்டாக வேண்டுமென்றால் முழுசாக இரட்டிக்க வேண்டும். துணியை வெட்டியது பாதியில் அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்.

பஸ்ஸில் போனையே பார்த்துக்கொண்டு போனார். ஐந்து தொண்ணூறு. ஐந்து எண்பத்தைந்து. விற்கவும் மனசு வரவில்லை, விடவும் தைரியமில்லை. இறங்கி எங்கேயாவது போய்த் தொலைந்துவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தார்.

அக்கா மாற்றுத்துணிப் பையோடு கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சே முக்கால்தான்க்கா இருக்கு." எல்லாவற்றையும் கொட்டினார். ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.

"மிச்சம் எப்ப ஏறும்?" என்றாள் அக்கா.

ஒரு மாசம் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"தெரியாதுக்கா. ஏறலாம். இன்னும் பாதியாவும் போகலாம். யாருக்கும் தெரியாது."

"இது அன்னைக்கே உனக்குத் தெரியாதா?"

அவர் போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"எல்லாத்தையும் வித்துடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

விற்றார். அக்கா சுவரைப் பிடித்து எழுந்து கவுண்டருக்குப் போனாள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எட்டு, ஒரு முட்டிக்கு மட்டும் என்றால் நாலரை ஆகும் என்றாள் உள்ளே இருந்த பெண்.

"சரிம்மா, ஒண்ணு மட்டும் எழுதிக்கோ."

"எந்தக் கால்மா?"

அக்கா குனிந்து இரண்டு முட்டிகளையும் பார்த்தாள். அப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"நீயே சொல்லுடா. எதை விட்டுடலாம்?"